ஒரே மேசையில் இரண்டு ஏலம்

நேற்று மத்தியானம் சும்மா இருக்க முடியாமல் கைப்பேசியில் ‘விருத்தாசலம் கொலு பொம்மை’ என்று தட்டினேன். சும்மா இருக்க முடியாதது எனக்குப் பழைய வியாதி. உட்கார்ந்தால் கால் ஆடும், நின்றால் கை எதையாவது நோண்டும். எந்தக் கடையையும் காட்டுவதற்கு முன்னால் அந்தத் தேடுபொறி தானே ஒரு பத்தி எழுதிக் கொடுத்தது. விருத்தாசலத்துப் பீங்கான் பொம்மைகள் பெயர்பெற்றவை, பளபளப்பானவை என்று, என்னமோ ஊருக்கே வந்து தொட்டுப் பார்த்த மாதிரி. நானும் விடவில்லை. லீமா என்று சேர்த்துத் தட்டினேன், செல்வராஜ் என்று சேர்த்துத் தட்டினேன். அதே பத்திதான் நாலு வார்த்தை மாறி வந்தது. எரிச்சலில் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தேன். அரை நிமிஷத்தில் மறுபடியும் எடுத்தேன்.

இதே தேடுபொறியை நான் முதன்முதலில் பார்த்தபோது அதில் ஒன்றுமே கிடையாது, தெரியுமா? வெள்ளைப் பக்கம், நடுவில் ஒரு கட்டம், அவ்வளவுதான். விருத்தாசலம் பாலக்கரையில் ஒரு மருந்துக்கடை மாடியில் இருந்த பிரவுசிங் சென்டரில் அப்போது எனக்கு வேலை. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். ஜன்னல் இல்லாத அறை, தரையெல்லாம் கார்ப்பெட், நாள் முழுக்க வந்துபோகிற கால்கள். அந்த வாடையைப் பற்றி வேண்டாம், விடுங்கள். மற்ற தளங்கள் எல்லாம் ராசிபலன், கிரிக்கெட், சினிமா என்று கடைவீதி மாதிரி கூவும். இது மட்டும் என்ன வேண்டும் என்று கேட்டு, இடத்தைக் காட்டி, போய்விட்டு வா என்று அனுப்பிவிடும். வந்தவனை உடனே வெளியே அனுப்புகிற கம்பெனி எப்படிப் பிழைக்கும் என்று நாங்கள் சிரித்திருக்கிறோம். எங்கள் வியாபார ஞானம் அந்த லட்சணத்தில் இருந்தது.

செராமிக் தொழிற்பேட்டை வாசலில் டீக்கடை வைத்திருந்த மங்கலம்பேட்டை பாயும் கிட்டத்தட்ட அப்படித்தான். வெளியூர் வியாபாரிகள் பஸ்ஸை விட்டு இறங்கியதும் பொம்மை எங்கே கிடைக்கும் என்று அவரைத்தான் கேட்பார்கள். நேற்று வந்தவரை லீமா அக்காவிடம் அனுப்பியிருந்தால், இன்றைக்கு வருகிறவரைச் செல்வராஜ் அண்ணனிடம் அனுப்புவார். அந்த முறையை அவர் எங்கும் எழுதி வைத்துக்கொண்டதில்லை, மாற்றியதும் இல்லை. இதில் உங்களுக்கு என்ன கிடைக்கிறது பாய் என்று ஒருநாள் கேட்டேன். “டீ விக்கிதுல்ல, போதும்” என்றார்.

லீமா அக்காவும் செல்வராஜ் அண்ணனும் பக்கத்துப் பக்கத்துக் கொட்டகைக்காரர்கள். இரண்டு பேரும் பொம்மைதான். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குத் தவறாத லீமா அக்காவுக்குத் தசாவதாரம் வரிசையாகத் தெரியும், யார் கையில் சங்கு, யார் கையில் கோடாலி என்பது உட்பட. வருஷா வருஷம் சபரிமலைக்குப் போகிற அண்ணன் கிறிஸ்துமஸ் குடிலுக்கு மாதாவும் சூசையப்பரும் வார்ப்பார். சந்தேகம் வந்தால் ஒருவர் அச்சை மற்றவர் தூக்கிக்கொண்டு போவார். பொம்மை சுடுகிற பொதுச் சூளைக்குள் போகிற வண்டியை ஆளுக்குப் பாதியாக நிரப்பி ஒன்றாகத்தான் அனுப்புவார்கள். ஈரக் களிமண்ணுக்கு மழை பெய்து ஓய்ந்த மாதிரி ஒரு மணம் உண்டு. அந்த மணத்துக்குள் போய்த்தான் நான் என் வேலையைக் காட்டினேன்.

அதற்குள் தேடுபொறிக் கம்பெனி தன் டீ எது என்று கண்டுபிடித்துவிட்டது. சொல்லை ஏலம் விட்டது. ‘கொலு பொம்மை’ என்று யாராவது தட்டினால் மேலே யார் பெயர் வர வேண்டும் என்பதற்கு ஏலம். யாராவது அதைத் தொட்டால் காசு, தொடாவிட்டால் இல்லை. எவ்வளவு சுத்தமான ஏற்பாடு! ஊர் ஊராக ஆள் பிடிக்கப் புதுச்சேரியில் ஓர் ஏஜென்சி எனக்கு இரண்டு நாள் பயிற்சி கொடுத்து, டையும் கட்டிவிட்டது. விருத்தாசலம் சித்திரை வெயிலில் மொபெட்டில் டை கட்டிக்கொண்டு போன ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

டை யாரையும் மயக்கவில்லை. இரண்டு பேருமே வேண்டாம் என்றார்கள். மூன்றாம் முறை போனபோது லீமா அக்காவிடம், அண்ணன் விளம்பரம் போடப்போகிறார் போலிருக்கிறதே என்று ஒரு பேச்சைப் போட்டேன். அங்கிருந்து நாலு எட்டு நடந்து அண்ணனிடம், அக்கா நேற்றே கேட்டுவிட்டார் என்றேன். இரண்டும் சுத்தப் புளுகு. இதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை, நானாகப் பிடித்துக்கொண்டது. அந்த வாரமே இரண்டு பேரும் தனித்தனியாகப் பிரவுசிங் சென்டருக்கு மாடியேறி வந்தார்கள். மற்றவருக்குத் தெரிய வேண்டாம் தம்பி என்று இரண்டு பேருமே சொன்னார்கள்.

ஆர்டர் வந்தது, பொய் சொல்லக் கூடாது. பெங்களூரிலிருந்து வந்தது, பார்க்காத தேசத்திலிருந்தெல்லாம் வந்தது. ஒரே மேசை, ஒரே கம்ப்யூட்டர், திரையில் இரண்டு ஜன்னல். ஒன்றில் அக்காவை மேலே ஏற்றுவேன். அண்ணன் போன் போட்டு, மேலே என் பேரைக் காணோமே என்பார். அடுத்த ஜன்னலில் அவரை ஏற்றுவேன். ஏலத்தில் இரண்டு பக்கமும் கை தூக்கியவன் நான் ஒருத்தன்தான். அவர்கள் கூட்டக் கூட்ட என் கமிஷனும் கூடியது. அந்தக் கம்பெனி அவ்வளவு பெரிதாக வளர்ந்தது எப்படி என்று பெரிய பெரிய ஆட்கள் எழுதுகிறார்கள். எனக்குத் தெரிந்த மூலை இதுதான்.

ஒருநாள் அக்கா பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது தவறான ஜன்னலைத் திறந்துவிட்டேன். அண்ணன் கொட்டகையின் பெயர், படம், எல்லாம். அக்கா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு அவரை வரச்சொல்லிப் போன் போட்டார். அண்ணன் கையெல்லாம் மண்ணாக வந்து நின்றார். என்னைத் திட்டுவார்கள் என்று காத்திருந்தேன். இரண்டு பேரும் என் பக்கமே திரும்பவில்லை. நீங்கதான் மொதல்ல வந்தீங்க, இல்லை நீதான் வந்தே என்று ஆரம்பித்து, கடைசியில் அண்ணன்தான் என்னைக் கேட்டார்.

“நீயே சொல்லுப்பா. யாரு மொதல்ல வந்தது?”

முதலில் யாரும் வரவில்லை, நான்தான் உங்களைத் தேடி வந்தேன் என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். என்னை நாலு சாத்து சாத்திவிட்டு ஒன்றாகப் படி இறங்கியிருப்பார்கள். வேலை போய்விடும் என்ற பயம். “ஞாபகம் இல்லண்ணே” என்றேன். என் வாழ்க்கையில் நான் சொன்ன அற்பமான வாக்கியம் அதுதான்.

அதற்குப் பிறகு சூளை வண்டியை அவரவர் தனியாக நிரப்பினார்கள். நிரம்பாத நாளில் பாதி வண்டி காலியாகப் போகும். அச்சுகள் போய்வருவது நின்றது. தேடுபொறி வரைபடம் போட்டது, கைப்பேசிக்குள் புகுந்தது, வழியும் அதுவே சொன்னது. வியாபாரிகள் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே நேராக உள்ளே போனார்கள். பாயிடம் கேட்பதற்கு யாருக்கும் ஒன்றும் இல்லை. அவர் கடையை எடுத்துக்கொண்டு ஊரோடு போய்விட்டார். பொம்மை வார்க்காத ஏதோ ஒரு கம்பெனி ‘கொலு பொம்மை’ என்ற சொல்லை ஏலத்தில் இவர்கள் இரண்டு பேரும் எட்ட முடியாத உயரத்துக்குக் கொண்டுபோனது. லீமா அக்கா கொட்டகையை விட்டுவிட்டு நல்லூரில் மகள் வீட்டுக்குப் போனார். நானும் அந்த வேலையை விட்டு வேறு ஒன்று, அதை விட்டு இன்னொன்று என்று தாவிக்கொண்டே இருக்கிறேன்.

போன வருஷம் செல்வராஜ் அண்ணன் தவறிவிட்டார். நல்லூரிலிருந்து லீமா அக்கா வந்திருந்தார். மாலையைப் போட்டுவிட்டு, பந்தலுக்கு வெளியே என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

“நான் மொதல்ல போயி அவரு பொழப்பக் கெடுத்துட்டேன்னு நெனச்சிக்கிட்டே போயிட்டாரு தம்பி” என்றார். “எதுர்ல வந்தாகூட மொகத்தத் திருப்பிக்குவாரு.”

சொல்லிவிட்டேன். அக்கா, முதலில் நீங்களும் வரவில்லை, அவரும் வரவில்லை, நான்தான் இரண்டு பேரிடமும் புளுகினேன் என்று முழுக்கச் சொன்னேன். திட்டினால் நன்றாக இருக்கும் போலிருந்தது. அக்கா திட்டவில்லை. உள்ளே கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இத எங்கிட்ட ஏன் சொல்ற?” என்றார். “நான் மொதல்ல வரலன்னு எனக்குத்தான் தெரியுமே. அவருக்குல்ல தெரிஞ்சிருக்கணும்.”