நாலு 'கூடாது'களும் மெர்வ் ஹாலோரனும்

"மன்னிப்புக் கேக்கிற நாக்கு என் வாயில பொருத்தப்படலை. அந்த உதிரிபாகம் இல்லாமலே அறுபது வருஷம் வண்டி ஓடிடுச்சு. இனிமேலும் ஓடும்."

தன் அறுபதாவது பிறந்தநாளன்று, யர்ரபின் கால்பந்து மன்றத்தின் தகரக் கொட்டகையில், நாற்காலி மேல் ஏறி நின்று மெர்வ் ஹாலோரன் செய்த பிரகடனம் இது. கூடியிருந்த எண்பது பேரும் கைதட்டினார்கள். அவர்களில் முப்பது பேருக்காவது அவரிடமிருந்து ஒரு மன்னிப்பு வரவேண்டியிருந்தது. ஆனாலும் கைதட்டினார்கள். ஊரில் உயரமான கோதுமைக் கிடங்குக்கு அடுத்தபடியாகப் பெருமைப்பட அவர்களுக்கு மெர்வின் பிடிவாதம்தான் இருந்தது.

பிரகடனம் ஆதாரமில்லாதது அல்ல. டிராக்டரைப் பின்னால் எடுத்துத் தேவாலய வேலியைச் சாய்த்த அன்று, "வேலி அங்க நிக்க வேண்டிய அவசியம் என்ன?" என்று பாதிரியாரையே மடக்கினார் மெர்வ். தன் கல்யாணத்துக்கு நாற்பது நிமிஷம் தாமதமாக, கையில் ரத்தக்கறையோடு வந்து, "கல்யாணத்தை நாளைக்கும் வெச்சுக்கலாம், ஆட்டுக்குப் பிரசவம் இன்னைக்குத்தான்" என்றார். எல்லைக் கம்பி தகராறில் தம்பி கெவினோடு பதினோரு வருஷமாகப் பேச்சு இல்லை. இருவரும் புதன்கிழமைதோறும் ஒரே பாரில், ஒரே மேசையில், எதிரெதிரே உட்கார்ந்து பேசாமல் இருப்பார்கள். பேசாமல் இருப்பதற்கும் ஓர் ஆள் வேண்டும் அல்லவா.

அவர் மனைவி கோரல் அந்த ஒரு வார்த்தைக்காக முப்பத்தாறு வருஷம் காத்திருந்தார். பிறகு காத்திருப்பதை விட்டுவிட்டுக் கமிட்டிகளில் சேர்ந்தார். அப்படிச் சேர்ந்ததில் ஒன்று, மாணவர் பரிமாற்றக் கமிட்டி.

அந்தக் கமிட்டியின் ஏற்பாடு இது: வெளிநாட்டிலிருந்து ஆண்டுக்கு ஒரு மாணவரை வரவழைப்பார்கள். அந்தப் பிள்ளை மூன்று வீட்டில், வீட்டுக்கு நாலு மாதமாக வாழும். ஒரே வீட்டில் ஒரு வருஷம் இருந்தால் பாசம் வந்துவிடும், பாசம் வந்தால் விடைபெறும்போது சிரமம் என்று யாரோ ஓர் அறிவாளி கண்டுபிடித்திருந்தார். கோரல் தன் வீட்டை மூன்றாவது வீடாக எழுதிக் கொடுத்துவிட்டு, அதைக் கணவரிடம் சொன்னது பிள்ளை வருவதற்கு ஒன்பது நாள் முன்பு.

மெர்வ் கொதித்தார். பதினோரு பக்கப் படிவத்தைப் பார்த்ததும் இன்னும் கொதித்தார். 'உங்களுக்குக் கோபம் வருமா? வருமென்றால் எப்போது?' என்று ஏழாம் பக்கத்தில் ஒரு கேள்வி. 'இதைப் படிக்கும்போது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

வந்தவள் பெயர் வென்லா. பதினேழு வயது, பின்லாந்தின் ஏரிக்கரை ஊர் ஒன்றிலிருந்து வந்தவள். கதவு நிலையில் தலை தட்டும் உயரம். கமிட்டி கொடுத்த பச்சைக் கோட்டு முழுக்க, சந்தித்த ஒவ்வொரு நாட்டுப் பிள்ளையோடும் மாற்றிக்கொண்ட சின்னங்களைக் குத்தியிருந்தாள். நடந்தால் கிலுகிலுவென்று சத்தம் வரும்.

"முள்ளுக்காட்டுக்குள்ள புகுந்துட்டு வந்த ஆடு மாதிரி இருக்கே" என்றார் மெர்வ். அதுதான் வரவேற்பு.

அவள் யோசித்துவிட்டு, "ஆமா" என்றாள்.

அடுத்த பத்து நாளில் இருவரும் பேசிக்கொண்டது மொத்தம் ஒன்பது வார்த்தை இருக்கும். இருவருக்குமே அது பரம திருப்தி. "இந்த வீட்டுல ஒரு பேசாமடந்தை போதாதுன்னு, விமானத்துல ஒண்ணை வரவழைச்சிருக்கேன் பாரு" என்று கோரல்தான் சுவரோடு பேசிக்கொண்டார்.

மௌனம் ஒரு மிட்டாயால் கலைந்தது. அவள் ஊரிலிருந்து பொட்டலம் வந்தது, உள்ளே உப்புப் போட்ட கறுப்பு மிட்டாய். மெர்வ் ஒன்றை வாயில் போட்டு, வாசலுக்கு ஓடித் துப்பினார்.

"இதை நாங்க ஆட்டுக்குப் பூச்சி மருந்தா குடுப்போம்."

"நாங்க குழந்தைங்களுக்குக் குடுப்போம்" என்றாள் வென்லா. "அதுங்க அழுவாது."

மறுவாரத்திலிருந்து அந்தப் பொட்டலம் மெர்வின் பிக்கப் வண்டியில் இருந்தது. தின்பது யாரென்று இருவருக்கும் தெரியும். பேச்சு வந்தால், எலி என்பார் மெர்வ்.

காலை ஏழே முக்காலுக்குப் பள்ளிப் பேருந்து. நாலரைக்குத் திரும்பி, ரொட்டியை நாலாக மடித்துத் தின்றுவிட்டு, ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு மெர்வோடு வயலுக்குப் போவாள். சனிக்கிழமை நெட்பால். உயரத்துக்காக அவளைக் கூடைக்கு அடியில் காவல் நிறுத்தினார்கள். முதல் ஆட்டத்திலேயே நடுவரின் கண்பார்வை குறித்து மெர்வ் சில மருத்துவக் கருத்துகளைச் சொன்னதால், இரண்டு வாரம் ஆடுகளப் பக்கம் வரக்கூடாது என்று தடை விதித்தார்கள். அவர் வண்டிக்குள் உட்கார்ந்தபடி, அவள் பந்தைப் பிடிக்கும்போதெல்லாம் ஹாரன் அடித்தார். வருத்தம் தெரிவித்தால் தடையைக் குறைப்பதாகச் சொன்னார்கள். தெரிவிக்கவில்லை.

எங்கள் பக்கத்தில் மழை தொடங்கும் மே மாதம் வந்தும் மழை வரவில்லை. புல் தீர்ந்தது, ஆட்டுக்கு வைக்கோல் போட வேண்டியிருந்தது. அந்த வேலைக்கு இரண்டு ஆள் தேவை. ஒருவர் முதல் கியரில் நத்தைபோல் வண்டியை நகர்த்த, மற்றவர் பின்னால் நின்று வைக்கோல் கட்டைப் பிரித்து வீசிக்கொண்டே போவார். எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் எட்டு வயதில் ஸ்டீயரிங் சக்கரத்தின் இடுக்கு வழியாக எட்டிப் பார்த்து ஓட்டுவார்கள். வழக்கமாக ஓட்டும் கோரலுக்கு முழங்கால் அறுவைசிகிச்சை ஆகியிருந்தது. மெர்வ் சாவியை வென்லாவிடம் நீட்டினார்.

"நான் ஓட்டக் கூடாதே" என்றாள். பரிமாற்றப் பிள்ளைகளுக்கு நாலு கூடாது உண்டு: ஓட்டக் கூடாது, குடிக்கக் கூடாது, காதலிக்கக் கூடாது, போதை கூடாது. மீறினால் அடுத்த விமானம்.

"ரோட்டுலதான் ஓட்டக் கூடாது. இது ரோடா? வெள்ளைக் கோடு இருக்கா? ஆட்டுக்கு நம்பர் பிளேட் இருக்கா?"

"காகிதத்துல ரோடுன்னு போடலை. 'எந்த வாகனமும்'னு போட்டிருக்கு."

"எழுதினவன் ஆடு வளர்த்திருக்க மாட்டான். ஏறு."

மறுநாளும் கேட்டாள். அதற்கு மறுநாளும், ஓட்டலாமா என்று கேட்டாள். "ஒண்ணும் ஆகாது, நான் இருக்கேன்" என்றார் மெர்வ். நாலாம் நாளிலிருந்து கேட்கவில்லை. கியரும் கிளட்சும் கைக்கும் காலுக்கும் படிந்துவிட்டன. நாக்கைக் கடித்துக்கொண்டு, முந்நூறு ஆடு பின்தொடர, ராணுவ அணிவகுப்புக்குத் தலைமை தாங்குவதுபோல் ஓட்டுவாள்.

இந்த ரகசியத்தை வெளியிட்ட துரோகி யார் என்று ஊர் பிற்பாடு விவாதித்தது. விவாதத்துக்கு இடமே இல்லை. கோரல் விளையாட்டாக எடுத்த புகைப்படத்தை, வண்டி ஜன்னலில் வென்லாவும் வைக்கோல் உச்சியில் கையிரண்டையும் தூக்கிய மகாராஜாவாகத் தானும் இருக்கும் படத்தை, பள்ளி வாரமடலுக்குத் தானே கொண்டுபோய்க் கொடுத்தவர் மெர்வ். 'யர்ரபினின் தலைசிறந்த ஓட்டுநர்' என்ற வாசகமும் அவருடையதே. பெருமைக்குக் கண் கிடையாது.

வெள்ளிக்கிழமை வாரமடல் வந்தது. சனிக்கிழமை கிளெனிஸ் டாப்ஸ்காட் வந்தார்.

கிளெனிஸ் மருந்துக்கடைக்காரர், கமிட்டித் தலைவி. மாத்திரையை இரண்டாக உடைப்பதுபோல், சிந்தாமல் சிதறாமல் பேசுவார். சமையலறை மேசையில் படத்தை வைத்தார்.

"இது நீங்கதானே, மெர்வ்?"

"இல்ல, போப்பாண்டவர்."

"வண்டியில இருக்கிறது வென்லா. விதி ஒண்ணு. மாகாணக் கமிட்டிக்கு யாரோ அனுப்பிட்டாங்க. அடுத்த சனிக்கிழமை விமானத்துல அவளை அனுப்பச் சொல்றாங்க."

"அனுப்புவீங்களா? ஏழு வாரம்தான் இருக்கு. ஆட்டுக்குச் சோறு போட்ட குத்தத்துக்கு நாடு கடத்துறீங்களா?"

"கத்தாதீங்க. ஒரு வழி இருக்கு. வியாழக்கிழமை நாலு மணிக்குக் கமிட்டி கூடுது. 'அவ மாட்டேன்னுதான் சொன்னா, நாந்தான் ஓட்ட வெச்சேன்'னு நீங்க வந்து சொல்லணும், மன்னிப்புக் கேக்கணும். அப்போ தப்பு உங்க பேர்ல போகும், அவ ஜூலை வரைக்கும் இருக்கலாம். ஆனா உங்க வீட்டுல இல்ல, எங்க வீட்டுல. வழியனுப்பு விருந்துக்கு நீங்க எல்லாரையும் மாதிரி ஒரு தட்டு பலகாரத்தோட வரலாம்."

மெர்வின் கழுத்து சிவந்தது. "ரோட்டுக்கும் வயலுக்கும் வித்தியாசம் தெரியாத கூட்டத்துக்கு முன்னால நான் கையைக் கட்டிக்கிட்டு நிக்கணுமா? போயி இருமல் மருந்து வில்லுங்க, கிளெனிஸ்."

"அவ மாட்டேன்னு சொன்னாளா இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க."

மெர்வ் விதியைத் திட்டினார். மாகாணக் கமிட்டியைத் திட்டினார். படத்தை அனுப்பியவனின் பரம்பரையைத் திட்டினார். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லவில்லை. கிளெனிஸ் படத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "கோட்டைத் தயாரா வெக்கச் சொல்லுங்க. திருப்பி அனுப்பற பிள்ளைகிட்ட கோட்டை வாங்கிடணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வென்லா கதவருகே நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியாது.

"நான் மூணு தடவை கேட்டேன்" என்றாள்.

"நீ கவலைப்படாதே பொண்ணே, இவங்களை நான்..."

"மூணு தடவை. அவங்க கேட்டப்போ நீங்க அதைச் சொல்லலை. உலகத்துல இருக்கிற எல்லாரையும் திட்டினீங்க. அதைச் சொல்லலை." அவள் குரல் உயரவில்லை, முகம் மட்டும் வெளுத்திருந்தது. "எங்க அம்மாகிட்ட இப்போ நான்தான் போன்ல சொல்லணும். நீங்க இல்ல."

அறைக்கதவு சாத்தும் சத்தம் கேட்டது. கோரல் ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு எழுந்தார். திட்டாமல் அந்த அறைப் பக்கம் நடந்தார். மெர்வுக்கு இதுதான் தாங்கவில்லை. யாராவது திட்டினால் திருப்பித் திட்டலாம்.

அந்த வாரம் மெர்வ் கோபித்துக்கொள்ளாத பொருள் பண்ணையில் இல்லை. கேட்டை உதைத்துக் கட்டைவிரல் வீங்கியது. தனியாகவே முதல் கியரில் வண்டியை விட்டுவிட்டு, குதித்திறங்கிப் பின்னால் ஏறி வைக்கோல் வீசினார். வண்டி ஓட்டுநர் இல்லாமல் போய் நீர்த்தொட்டியில் முட்டிக்கொண்டது. புதன்கிழமை பாரில் ஆறுதல் கிடைத்தது.

"விட்டுக் குடுத்துடாதே மாப்ளே" என்றார் பார்க்காரர் நெவில். "நாளைக்கு நீ சாரின்னு சொன்னியோ, அடுத்த பிறந்தநாளுக்கு நாற்காலி கிடையாது, தரையிலதான் நிக்கணும்."

எல்லோரும் சிரித்தார்கள். எதிரே உட்கார்ந்திருந்த கெவின் மட்டும், பதினோரு வருஷ வழக்கப்படி சுவரைப் பார்த்து, "சில பேருக்கு ஆளு போனாலும் பரவாயில்ல, கம்பி நின்னா போதும்" என்றார். மெர்வ் கண்ணாடிக் கோப்பையைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துபோனார்.

வியாழன் நாலு மணிக்கு, ஒரு தாளில் கமிட்டியின் பதினேழு குற்றங்களை எழுதிக்கொண்டு நூலகத்தின் பின்னறைக்குப் போனார். ஏழு பேர் ஸ்கோன் என்ற குட்டி ரொட்டியில் ஜாம் தடவிக்கொண்டிருந்தார்கள். கேக் விற்பனை நாளுக்கு மேசை யார் கொண்டுவருவது என்பது முதல் விஷயம். அது இருபது நிமிஷம் ஓடியது. பிறகு கிளெனிஸ், "மெர்வ் ஏதோ சொல்லணும்னு வந்திருக்காரு" என்றார்.

மெர்வ் எழுந்தார், தாளைப் பிரித்தார். "முதல் விஷயம். ரோடுன்னா என்னன்னு இங்க ஒருத்தருக்கும் தெரியலை. ரெண்டாவது, ஏழாம் பக்கக் கேள்வி. மூணாவது, போன வருஷம் அந்த பிரேசில் பையனைக் கசாப்புக்கடைக்காரர் வீட்டுல போட்டீங்க, அவன் மாமிசமே தின்னமாட்டான்..."

நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஆறாவது குற்றத்தில், கிணுக் கிணுக் என்று ஏதோ சின்னச் சத்தம் குறுக்கிட்டது. யாரோ ஸ்பூனை ஆட்டுகிறார்கள் என்று எரிச்சலோடு திரும்பினார்.

மூலையில், நெட்டைக் கால்களை நாற்காலிக்கு அடியில் மடித்துக்கொண்டு வென்லா உட்கார்ந்திருந்தாள். பச்சைக் கோட்டு மடியில் இருந்தது. ஒவ்வொரு சின்னமாகக் கழற்றித் தேநீர்த் தட்டில் போட்டுக்கொண்டிருந்தாள். கோட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமே. கழற்றிய இடங்களில் துணியில் பொடிப்பொடியாக ஓட்டைகள். அவள் நிமிரவில்லை. மெர்வ் பேசுவது அவளுக்குக் கேட்கிறதா என்றுகூடத் தெரியவில்லை.

மெர்வ் ஏழாவது குற்றத்தைப் பார்த்தார். எழுத்து தெரிந்தது, வாசிக்க வரவில்லை. தாளை மடித்தார். மறுபடி மடித்தார். இனி மடிக்க முடியாத அளவுக்கு ஆனதும் சட்டைப்பையில் வைத்தார்.

"அவ மாட்டேன்னுதான் சொன்னா. மூணு நாள் சொன்னா. நாந்தான் ஏறச் சொன்னேன்."

ஸ்கோன் தின்பது நின்றது.

மெர்வ் கமிட்டிக்கு முதுகைக் காட்டித் திரும்பினார். கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் தொப்பியைக் கழற்றிப் பிடித்துக்கொண்டார். பிறகு, அறுபது வருஷத்தில் ஆடுகள்கூடக் கேட்டிராத ஒரு குரலில், எதிர்ச்சுவர் வரைக்கும் எட்டாத ஒரு குரலில், அதைச் சொன்னார்.

தண்ணீர் கொதிக்கும் பாய்லரின் இரைச்சலில் செயலாளருக்குக் கேட்கவில்லை. பேனாவைத் தூக்கிப் பிடித்து, "மெர்வ், குறிப்புல எழுதணும். கடைசியில என்ன சொன்னீங்க? யாருகிட்ட சொன்னீங்க?" என்றார்.

கிளெனிஸ் எழுந்துபோய் பாய்லரை அணைத்தார்.

"இவகிட்டதான்" என்றார் மெர்வ், இன்னும் திரும்பாமல். "மன்னிச்சுக்கம்மா, வென்லா. எழுதிக்குங்க. மெதுவாவே சொல்றேன்."