கார் பார்க் உச்சியிலிருந்து வின்லாந்து

இரண்டாயிரங்களின் நடுப்பகுதியில் என் அக்கா குடும்பம் நோர்வேயை விட்டு லண்டனுக்குக் குடிபெயர்ந்து வந்தது. நான் அப்போது ஈஸ்ட் ஹாமில் ஒரு பெட்ரோல் நிலையக் கடையில் ஷிப்ட் வேலை செய்துகொண்டு, தனியாக ஓர் அறையில் இருந்தேன். அவர்கள் வீடெடுத்ததும் என்னையும் மேல்மாடிச் சின்ன அறைக்குக் கூப்பிட்டுக்கொண்டார்கள். நேரத்துக்குச் சோறு கிடைத்தது. கூடவே அத்தானும் கிடைத்தார்.

அத்தான் நோர்வேயின் வடகோடியில் ஒரு மீன் தொழிற்சாலையில் பல வருடங்கள் வேலை பார்த்தவர். அங்கே அகதிகளுக்கு மொழி சொல்லிக்கொடுத்த ஆசிரியை, இலக்கணம் அலுத்துப்போகும் நாட்களில், பழைய நோர்ஸ் மாலுமிகளின் பயணக் கதைகளை வாசித்துக் காட்டுவாராம். இலக்கணம் அத்தானுக்கு அரைகுறையாகத்தான் ஏறியது. கதைகள் முழுதாக ஏறிவிட்டன. கொலம்பஸுக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே கிரீன்லாந்திலிருந்து மேற்கே போன அந்த மாலுமிகள் முதலில் தட்டைக் கல்லாகக் கிடந்த ஒரு நாட்டையும், பிறகு காடு மண்டிய ஒரு நாட்டையும், கடைசியில் திராட்சை விளையும் ஒரு நாட்டையும் கண்டார்கள். அந்தக் கடைசி நாட்டுக்கு வின்லாந்து என்று பெயர் வைத்தார்கள். அது சரியாக எங்கே இருக்கிறது என்று இன்றுவரை யாராலும் அடித்துச் சொல்ல முடியவில்லை. அத்தானுக்கு அது தாங்கவில்லை. யாரோ அவருடைய வீட்டுச் சாவியைத் தொலைத்துவிட்டதுபோல அந்தரப்படுவார்.

அக்காவுக்கு இந்தக் கதைகளில் பிடித்த இடம் ஒன்றே ஒன்றுதான். கிரீன்லாந்தைக் கண்டவன், ஆட்கள் ஆசைப்பட்டுக் குடியேற வரவேண்டும் என்பதற்காகவே அந்தப் பனிக்காட்டுக்குப் பச்சை நாடு என்று பெயர் வைத்தான் என்ற இடம். அத்தான் அதைச் சொல்லும்போதெல்லாம் அக்கா அடுப்படியிலிருந்து தலையை நீட்டுவாள்.

"உங்கட சொந்தக்காரன் போல கிடக்கு."

காரணம் இருந்தது. கலியாணம் பேசிய காலத்தில் அத்தான் அக்காவுக்கு அனுப்பிய படங்களில் கடல், பச்சை மலை, ராத்திரியிலும் எரிக்கும் வெயில் எல்லாம் இருந்தன. எல்லாம் உண்மையான படங்கள்தான், ஜூன் மாதத்தில் எடுத்தவை. அக்கா போய் இறங்கியது நவம்பர் கடைசியில். அதற்குப் பிறகு ஜனவரி வரைக்கும் அந்த ஊரில் சூரியன் உதிக்கவே இல்லை.

லண்டனுக்கு வந்த முதல் வருடமே அத்தான், வளர்ந்தவர்களுக்கான கல்வி நிலையமொன்றில் சனிக்கிழமைகளில் நடக்கும் 'வடகடல் பயணங்கள்' என்ற வகுப்பைக் கண்டுபிடித்துவிட்டார். அவருடைய ஆங்கிலம் நோர்வீஜியன் பூசியது. பேசத் தொடங்கினால் இரண்டு மொழியும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு வரும். ஆகவே மொழிபெயர்க்க நானும் சேர வேண்டியதாயிற்று.

"எனக்கு சனிக்கிழமை ஷிப்ட் இருக்கு, அத்தான்."

"மாத்து. ஆயிரம் வருசமாத் தேடுறாங்கள், உனக்கு ஒரு ஷிப்ட் பெரிசே?"

மாற்றினேன்.

வகுப்பில் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். பெரும்பாலும் ஓய்வு பெற்றவர்கள். ஆசிரியை ஒல்லியான, நிதானமான பெண்மணி. எதைக் கேட்டாலும் "இருக்கலாம்" என்றுதான் தொடங்குவார். மற்றவர்கள் யாருக்கும் "இருக்கலாம்" கிடையாது. ஒவ்வொருவரும் ஒரு வின்லாந்தைக் கையோடு கொண்டுவந்திருந்தார்கள். அதில் முன்னணியில் நின்றவர் பஸ் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர். அவருக்கு வின்லாந்து அமெரிக்காவின் கிழக்குக் கரையிலுள்ள கேப் காட். மறுத்துப் பேசினால், டிக்கெட் இல்லாமல் ஏறியவனைப் பார்ப்பதுபோல ஒரு பார்வை பார்ப்பார்.

ஆசிரியை அடையாளங்களைப் பலகையில் எழுதினார். அங்கே திராட்சை உண்டு. கோதுமை தானாக விளையும். ஆற்றில் பெரிய பெரிய சாமன் மீன். குளிர்காலத்தில் உறைபனி இல்லை, ஆகவே மாடுகளுக்கு வைக்கோல் சேர்க்கத் தேவையில்லை. பகலும் இரவும் கிரீன்லாந்தைப்போல அவ்வளவு ஏறுமாறாக இல்லை. வருடத்தின் மிகக் குறுகிய நாளில்கூடக் காலை உணவு வேளையிலும் பிற்பகல் இடைவேளையிலும் சூரியன் வானத்தில் இருந்தது.

"ஆரின்ர காலைச் சாப்பாட்டு நேரமாம்? கேள்" என்றார் அத்தான்.

கேட்டேன். நல்ல கேள்வி என்று ஆசிரியை சொல்லிவிட, அத்தான் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். காலைக் கணக்கு சற்றுக் குழப்பமானது, ஆனால் பிற்பகல் கணக்குக்குப் பழைய நோர்ஸ் சட்டமொன்றில் விளக்கம் இருக்கிறது, அதன்படி அப்போது சூரியன் தென்மேற்கிலிருந்து கொஞ்சம் மேற்குப் பக்கம் தள்ளி நிற்கும் என்றார் ஆசிரியை. பிறகு போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னார். கனடாவின் நியூபவுண்ட்லாந்து தீவின் வடமுனையில் நோர்ஸ்காரரின் வீட்டு அடித்தளங்கள் கிடைத்திருக்கின்றன. அதுதான் வின்லாந்தா என்பது நிச்சயமில்லை, அங்கே திராட்சை விளையாது. ஆனால் அந்த இடமும் லண்டனும் ஏறத்தாழ ஒரே அட்சரேகையில் இருக்கின்றன.

நான் மொழிபெயர்த்து முடிக்குமுன்பே அத்தான் என் முழங்கையைப் பிடித்துவிட்டார்.

"அப்ப இஞ்ச நிண்டு பாத்தாலே போதும். அங்க எந்தத் திக்கில சூரியன் படுதோ, அந்தத் திக்கிலதான் இஞ்சையும் படும். கனடாவுக்கு என்னத்துக்குப் போவான்?"

டிசம்பரில் மிகக் குறுகிய நாள் வந்தது. அன்று லண்டன் சூரியன் அந்தச் சட்டம் சொன்ன திசைவரை போய் மறைகிறதா என்று பார்ப்பதுதான் அத்தானின் திட்டம். ஹை ஸ்ட்ரீட்டுக்குப் பக்கத்தில் பல மாடிக் கார் பார்க் ஒன்று இருந்தது. அதன் உச்சித் தளத்தில் கார் எதுவும் நிற்காது, காற்று மட்டும்தான் நிற்கும். அத்தான் ஒரு விளக்குமாற்றுத் தடியும் திசைகாட்டியும் கொண்டுவந்திருந்தார். அது வாஸ்து பார்க்கிற திசைகாட்டி. அதில் தென்மேற்கு என்றோ மேற்கு என்றோ இராது. நிருதி, வருணன் என்று ஒவ்வொரு திசைக்கும் உரிய தெய்வத்தின் பெயர்தான் இருக்கும்.

காலைச் சூரியனைப் பார்க்கலாம் என்று போய் நின்றோம். வானம் முழுவதும் சாம்பல். மத்தியானமும் அப்படியே. அத்தான் விளக்குமாற்றுத் தடியை நிமிர்த்தி வைத்து, விழாத நிழலை உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றார். கொஞ்ச நேரத்தில் மஞ்சள் ஜாக்கெட் போட்ட ஒரு காவலாளி வந்தார். தடி, திசைகாட்டி, நாங்கள் இருவர். லண்டனில் குண்டுகள் வெடித்த அந்த வருடங்களில் இது நல்ல கூட்டணி அல்ல.

"இங்கே என்ன செய்கிறீர்கள்?" என்று கேட்டார்.

"சூரியனைப் பார்க்கிறோம்" என்றேன்.

அவர் அண்ணாந்து பார்த்தார். "இங்கேயா?"

அத்தான் தன் இருமொழிக் கலவையில் வின்லாந்தை விளக்கத் தொடங்கினார். கப்பல், திராட்சை, மாட்டுக்கு வைக்கோல் என்று ஒன்றும் விடவில்லை. காவலாளி பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஆபத்தில்லாத ஆட்கள் என்று தீர்மானித்திருக்க வேண்டும். "எதையும் தொடாதீர்கள்" என்றார். தொடுவதற்கு அங்கே எதுவும் இல்லை.

பின்னேரம் அக்கா ஒரு பிளாஸ்க் நிறையத் தேத்தண்ணியும் சுடச்சுட மட்டன் ரோல்ஸும் கொண்டு மேலே ஏறி வந்தாள். குளிரில் அத்தான் தேத்தண்ணியைக் கோப்பை கோப்பையாகக் குடித்தார். அதன் விளைவாகக் கடைசி நேரத்தில் கீழே கடைத்தெருவிலிருந்த கழிப்பறைக்கு ஓட வேண்டியதாயிற்று.

"தடியைப் பாத்துக்கொள்ளு!" என்று அக்காவிடம் சொல்லிவிட்டுப் படியிறங்கினார். நான் காற்றுக்கு ஒதுங்கிப் படிக்கட்டு வாசலில் நின்று காவலாளிக்கு ஒரு ரோல் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் அக்கா கத்தினாள். "தம்பி! அந்தா! ஓடி வா!"

என் வாயிலிருந்த ரோலை விழுங்கிவிட்டு ஓடினேன். நான் போய்ச் சேர்ந்தபோது மேகத்தில் சிவப்பாக ஓர் ஈரம் மட்டும் மிச்சமிருந்தது. அத்தான் மேல்மூச்சு வாங்க ஏறி வந்தபோது அதுவும் இல்லை. தூரத்தில் கனரி வோர்ஃப் கோபுரத்தின் கூம்பு உச்சியில் விளக்கு மட்டும் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது.

"எங்க பட்டது? எங்க?"

"அந்தக் கூம்புத் தலைக் கட்டடத்துக்குப் பின்னால. நல்ல தக்காளிப்பழம் மாதிரி இருந்தது."

"வலப்பக்கமோ இடப்பக்கமோ?"

"நேர பின்னால."

"வடிவாக் கண்டனீயோ? விளக்கு வெளிச்சமா இருக்கும்."

"இஞ்சருங்கோ, இமிகிரேஷன்காரன்கூட என்னை இப்பிடிக் கேள்வி கேக்கேல்லை. நான் ரெண்டு மாசம் சூரியனைக் காணாமல் இருந்தனான். எனக்குச் சூரியனைத் தெரியாதோ?"

அத்தான் திசைகாட்டியைக் கோபுரத்துக்கு நேரே பிடித்தார். நிருதிக்கும் வருணனுக்கும் நடுவில், நிருதிக்குக் கிட்டவாக. தென்மேற்கிலிருந்து கொஞ்சம் மேற்கே. அவர் கண் கலங்கியது. காற்று என்று சொன்னார்.

ஜனவரியில் வகுப்பு மறுபடி தொடங்கியபோது ஒரு சிக்கல். சூரியனைக் கண்டது அக்கா ஒருத்திதான். அத்தான் நேர்மையானவர். சாட்சியை நேரிலேயே கொண்டுவர வேண்டும் என்று நின்றார். அக்கா கோயிலுக்குக் கட்டும் நல்ல சேலையைக் கட்டி, மேலே தடித்த கோட் போட்டுக்கொண்டு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தாள். அவள் சொன்னதை நான் ஆங்கிலத்தில் சொன்னேன். தக்காளிப்பழத்தையும் விடவில்லை.

ஆசிரியைக்கு உண்மையாகவே சந்தோஷம். பழைய சட்டத்தின் விளக்கத்தோடு நன்றாகப் பொருந்துகிறது என்று கைதட்டினார். வகுப்பும் தட்டியது. அத்தான் எழுந்து நின்று தலைகுனிந்தார்.

"ஆனால்" என்றார் ஆசிரியை. "மாலுமிகள் சூரியன் அங்கே இருந்தது என்றுதான் சொன்னார்கள், அங்கே மறைந்தது என்று சொல்லவில்லை. ஆகவே இது எல்லையை மட்டும்தான் காட்டுகிறது. வின்லாந்து லண்டனைவிட அதிகம் வடக்கே இருக்க முடியாது. தெற்கே எவ்வளவு தூரமும் இருக்கலாம்."

"கேப் காட்!" என்றார் பஸ் இன்ஸ்பெக்டர்.

அத்தான் உட்கார்ந்தார். அக்கா என் காதுக்குள் கேட்டாள்.

"தெற்கை எண்டால், எவ்வளவு தெற்கை?"

"எவ்வளவும்தானாம்."

அவள் பலகையைப் பார்த்தாள். போன தவணையின் அடையாளங்களை ஆசிரியை திரும்பவும் எழுதியிருந்தார். நான் ஒவ்வொன்றாக மெல்லச் சொன்னேன்.

"திராட்சை எங்களுக்கு யாழ்ப்பாணத்தில பந்தல் பந்தலாக் காய்க்குது. மாட்டுக்குக் குளிருக்கெண்டு ஆரும் வைக்கோல் சேக்கிறதோ? உறைபனியைப் பிரிட்ஜிலதான் கண்டனாங்கள். பகலும் ராவும் வருசம் முழுக்க ஒரே அளவு." அவள் நிமிர்ந்தாள். "தம்பி, சொல்லு அவவுக்கு."

"அக்கா, வேண்டாம்."

"சொல்லு!"

சொன்னேன். பஸ் இன்ஸ்பெக்டர் முன்னால் சாய்ந்தார்.

"சாமன் மீன்?" என்று கேட்டார், உண்மையான அக்கறையோடு.

"அதுவும் இருக்கு" என்றாள் அக்கா. "டின்னில."

எங்கள் ஊரில் தகரத்தில் அடைத்து வரும் எந்த மீனுக்கும் சமன் டின் என்றுதான் பெயர் என்பதை நான் விளக்க வேண்டியிருந்தது. அதற்குள் வகுப்பு சிரிக்கத் தொடங்கிவிட்டது. ஆசிரியை மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டே, வேடிக்கைக்காகக் கை உயர்த்தச் சொன்னார். யாழ்ப்பாணம் பெருவாரியாக வென்றது. கேப் காட்டுக்கு ஒரு கை. நியூபவுண்ட்லாந்துக்கு ஒரு கை, அது அத்தானுடையது. நான் யாருக்குத் தூக்குவது என்று தெரியாமல், மொழிபெயர்ப்பாளருக்கு வாக்கில்லை என்று சொல்லித் தப்பித்தேன்.

திரும்பும் பஸ்ஸில் அத்தான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தார். கோபமோ என்று நினைத்தேன். வெகுநேரம் கழித்து அக்காவிடம் திரும்பினார்.

"கோதுமை?"

"என்ன கோதுமை?"

"கோதுமை தானா விளையுமெண்டு கிடக்கு. யாழ்ப்பாணத்தில கோதுமை இல்லை."

அக்கா கொஞ்சம் யோசித்தாள். "ஓம், அது இல்லைத்தான்" என்று ஒப்புக்கொண்டாள். அத்தானின் முகம் தெளிந்தது. வீடு வரும்வரை அவளுடைய பையை அவரே தூக்கி வந்தார்.

அடுத்த தவணைக்கு ஆசிரியை அக்காவையும் சேரச் சொன்னார். அக்கா அதே நிலையத்தில்தான் சேர்ந்தாள், ஆனால் பக்கத்து அறையில் நடந்த குழாய் வேலை வகுப்பில். அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக் குழாய் எதுவும் ஒழுகியதில்லை. பஸ் இன்ஸ்பெக்டர் வீட்டுக் குழாயையும் அவள்தான் போய்த் திருத்திக் கொடுத்தாள்.