கலியாணத்துக்குப் போகாத தபால்காரன்

முதலில் என் மடத்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். முப்பது வருடத்துக்குக் கிட்ட இந்த ஊரில் கடிதம் கொடுத்த நான், கேட்டில் வீட்டு இலக்கம் எழுதப் போனவர்களை என் வாயாலேயே தடுத்திருக்கிறேன். "என்னத்துக்கு வீண் வேல? நான் இரிக்கிறன்தானே" என்பேன். அதைப் பெரிய சேவை என்று நினைத்தேன். உண்மையில் வெறும் பெருமை. ஊரின் விலாசமெல்லாம் தன் தலைக்குள் இருக்கிறது என்ற நினைப்பு, சைக்கிள் மிதிக்கிற ஒரு மனிதனுக்குக் கொஞ்சம் அதிகப்படியான போதைதான்.

எங்கள் பக்கத்தில் விலாசம் ஓரிடத்தில் நிற்பதில்லை. கலியாணம் முடித்த ஆண், பெண்ணின் வீட்டோடு போய்விடுவான். மகளுக்கு வீட்டை எழுதிக் கொடுத்த தாயும் தகப்பனும் அதே வளவின் பின்பக்கத்தில் ஓர் அறையும் குசினியும் கட்டிக்கொண்டு ஒதுங்குவார்கள். அடுத்த மகளுக்கும் கலியாணம் முடிந்தால் அங்கிருந்தும் கிளம்புவார்கள். கடிதம் எழுதுகிற அரசாங்கக் கந்தோர்களுக்கு இது தெரியாது. பழைய இலக்கத்துக்கே விசுவாசமாக எழுதிக்கொண்டிருக்கும். இதற்கு நான் கண்டுபிடித்த வழி, ஒரு கலியாணத்தையும் தவறவிடாமல் இருப்பது. சஹன் என்கிற ஒரே பெரிய தட்டுச் சோற்றைச் சுற்றி ஆறு பேர் குந்தினால், இறைச்சி முடிவதற்குள் மாப்பிள்ளை எந்த ஒழுங்கைக்குப் போகிறான், மாமி எந்த அறைக்கு ஒதுங்குகிறார் என்பதெல்லாம் எனக்குத் தெரிந்துவிடும். நான் சாப்பாட்டுக்காகத்தான் போவதாக ஊர் சொல்லும். அதுவும் பொய்யில்லை.

பிறகு முழங்கால் வீங்கியது. லீவில் வீட்டோடு கிடந்தேன். கலியாணங்கள் நான் இல்லாமலேயே நடந்தன.

எனக்குப் பதிலாக வந்தவர் பொத்துவில் பக்கத்துப் பெண். முப்பது வயதிருக்கும், ஸ்கூட்டியில் வருவார். ஒரு புதன்கிழமை, நடுப்பகல் லுஹர் தொழுகை முடிந்த நேரம், என் வாசலில் வந்து நின்றார். முகமெல்லாம் வேர்வை. கையில் ஒரு பதிவுத் தபால்.

"காக்கா, இது ஆரு? ரெண்டு நாளா இதில போட்டிரிக்கிற ஒழுங்கையில அலையிறன். இந்தப் பேரில ஒருத்தரும் இல்லண்டுறாங்க."

பெயரைப் பார்த்தேன். ஊரில் அந்தப் பையனை அடையாள அட்டைப் பெயரால் யாரும் கூப்பிட்டதில்லை. கலியாணம் முடித்து இரண்டு மாதம்தான். அவன் பெண்சாதிகூட நிக்காஹ் அன்றுதான் அந்தப் பெயரைக் கேட்டிருப்பாள்.

"மத்த ஆக்களுக்கெல்லாம் போன கிழமையே வந்திட்டு," என்றார் அவர். "ஆசிரியர் வேலைக்கு நேர்முகப் பரீட்ச. நாளைக்குக் காலையில, திருகோணமலையில. கடிதம் இல்லாட்டி உள்ளுக்கு எடுக்க மாட்டாங்களாம்."

"வாங்க மகள். இவன எனக்குப் பொறந்த நாளில இரிந்து தெரியும்."

பக்கத்து வீட்டு ஆட்டோவில் ஏறினேன். அவர் ஸ்கூட்டியில் பின்னால் வந்தார். முதலில் பையனின் தாய் வீடு. கேட்டில் பூட்டு. அறுவடை நாள், எல்லோரும் வயலுக்குப் போயிருந்தார்கள். பரவாயில்லை, பெண் வீடு கடற்கரைப் பக்கம் என்று யாரோ சொன்ன ஞாபகம் இருந்தது. ஆட்டோவை அங்கே விட்டோம். மணல் ஒழுங்கையில் ஆட்டோவின் சில்லு புதைந்தது. அவரும் ஆட்டோக்காரரும் தள்ளினார்கள். நான் முழங்காலைப் பிடித்துக்கொண்டு யோசனை சொன்னேன். கடைசியில் கதவைத் திறந்தவன் வேறொரு மாப்பிள்ளை. நாலு வருடத்துக்கு முன் முடித்தவன். அந்தக் கலியாணச் சோறு எனக்கு நன்றாக நினைவிருந்தது. மாப்பிள்ளைதான் மாறிப்போயிருந்தான்.

ஒரு மதில் நிழலில் நின்றோம். அவர் போத்தல் தண்ணீரைக் குடித்துவிட்டு, என்னைப் பார்க்காமலேயே கதைத்தார்.

"கேட்டில நம்பர் இல்ல. இரிந்தாலும் மரத்துக்குப் பின்னால இரிக்கி. தபால் பொட்டி வச்ச ஆக்கள் மதிலுக்கு உள்பக்கமா வச்சிரிக்காங்க. ஒருத்தர், வேலியில செருகிட்டுப் போங்கண்டார். நான் ஸ்கூட்டியத் திருப்புறத்துக்குள்ள ஆடு திண்டிட்டு."

"என்ன கடிதம்?"

"பேங்க் கடிதம்."

"அப்ப ஆடு நல்ல வேலதான் செஞ்சிரிக்கி."

அவர் சிரிக்கவில்லை. எனக்கும் அதற்கு மேல் பகிடி வரவில்லை. ரோட்டைப் பார்த்தபடி ஓர் இலக்கம், ஸ்கூட்டி சீற்றிலிருந்து இறங்காமல் கை எட்டுகிற உயரத்தில் ஒரு பெட்டி, வீடு மாறினால் தபால் கந்தோருக்கு ஒரு துண்டுக் கடிதம், விண்ணப்பத்தில் விலாசத்துக்குக் கீழே ஒரு போன் நம்பர். இவ்வளவும் இருந்திருந்தால் இந்தப் பெண் உச்சி வெயிலில் ஒரு நொண்டிக்குப் பின்னால் அலைய வேண்டியதில்லை. இருபது வருடத்துக்கு முன்பே நான் இதை ஊருக்குச் சொல்லியிருக்கலாம். அப்போது முழங்கால் நன்றாக இருந்தது, புத்தி வரவில்லை.

"இன்னொரு இடம் இரிக்கி," என்று தொடங்கினேன். அவர் ஸ்கூட்டியைத் திருப்பிவிட்டார். நேராகப் பழைய இடத்துக்கே போய், பூட்டிய வீட்டுக்கு அடுத்த வீட்டைத் தட்டினார். ஒரு பெண் எட்டிப் பார்த்தார்.

"ராத்தா, பக்கத்து ஊட்டுக் கலியாணக் காட் இரிக்கா?"

"ஓம், சோக்கேசுக்குள்ள கிடக்கு. என்னத்துக்கு? கலியாணம் முடிஞ்சிட்டே!"

அழைப்புக் காட் வந்தது. பொன் எழுத்தில் பெண் வீட்டு இலக்கம், வீதி, கீழே போன் நம்பர். நாங்கள் ஆட்டோ தள்ளிய இடத்துக்கு நேர் எதிர்த்திசை. அதே காட் எங்கள் வீட்டு அலுமாரிக்கு மேலும் கிடக்கிறது. போக ஏலாது என்று தெரிந்ததும் நான் அதை உறையிலிருந்து எடுக்கவேயில்லை. பிறர் கடிதத்தைப் பிரிக்காத நல்ல பழக்கம், சொந்தக் கடிதத்துக்கும் தொற்றிவிட்டது போலும்.

அவர் அந்த நம்பருக்குப் போன் எடுத்தார்; நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பையன் ஒழுங்கை முகப்புக்கே ஓடி வந்துவிட்டான். அடையாள அட்டையைக் காட்டினான். கையெழுத்து வைத்த கையோடு உறையைக் கிழித்துத் திகதியைப் பார்த்தான்.

"வராதெண்டே நினைச்சிட்டன்," என்றான். என்னிடமல்ல, அவரிடம். "ராவைக்கு பஸ் இரிக்கி. போயிருவன்."

அவன் போன பிறகு அவர் கையெழுத்துத் தாளை மடித்துப் பைக்குள் வைத்தார். ஒரு சின்னக் கொப்பியை எடுத்து, கலியாண அழைப்பிலிருந்த விலாசத்தை எழுதினார். நான் ஆட்டோவில் காலை நீட்டிச் சாய்ந்திருந்தேன். மருந்தெண்ணெய் மணம் எனக்கே தாங்கவில்லை. இருந்தாலும் வாய் சும்மா கிடக்கவில்லை.

"நாளைக்கு எத்தின மணிக்கு மகள்? நான் வெளிக்கிட்டு நிக்கிறன்."

அவர் ஸ்கூட்டியை ஸ்டார்ட் பண்ணினார்.

"வேணாம், நீங்க ஊட்ட இரிங்க காக்கா."