அருள்பாண்டியின் நானூறு கிலோ கார்

அருள்பாண்டி என் மாடி அறையில் இரண்டு வருடம் குடியிருந்தான். சங்கரன்கோவில் பக்கம் சொந்த ஊர். ஒரகடத்தில் ஒரு கார் கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை. ஷிஃப்ட் முழுக்கக் கதவு மாட்டுவான், அதுவும் இடதுபக்கக் கதவு மட்டும். வலதுபக்கத்தை எவன் மாட்டுகிறான் என்றுகூட அவனுக்குத் தெரியாது. அப்படிப்பட்டவனுக்குத்தான் முழுக் காரையும் தானே செய்ய ஆசை.

"ரேஸ் வண்டி மாதிரி ஆச்சி. மொத்தமே நானூறு கிலோதான். கதவு கெடையாது. காலத் தூக்கிப் போட்டுத்தான் ஏறணும்."

"நான் எப்டிடா ஏறுவேன்?"

"நான் தூக்கி வைக்கேன்."

அதில்தான் விழுந்தேன். என் மகன் விஜயராகவன் கார் வாங்கி மூன்று வருடம் ஆகிறது. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து இங்கே மண்ணூருக்கு அதில்தான் வருவான். ஒரு நாளும் "ஏறும்மா" என்றதில்லை. பேத்தி காதுகுத்துக்குக்கூட ஷேர் ஆட்டோவில்தான் போய் இறங்கினேன். மகன் தன் வீட்டு வாசலில் நின்று வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தான். அந்த வாசலில் நானும் ஒரு காரில் போய் இறங்க வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

ஆடு நாலையும் விற்று, ஷெட்டை அவனுக்குக் காலி செய்து கொடுத்தேன். சுவரில் காரின் பெரிய படம் ஒன்றை ஒட்டினான். எனக்கு எழுத்துத் தெரியாது. "இதான் ஒங்க சீட்டு" என்று ஒரு கட்டத்தைக் காட்டினான். டேப்பை எடுத்து என் இடுப்பை அளந்தான். "மூச்ச விடுங்க ஆச்சி, சரியா வரணும்" என்று சொல்லி, சிரிக்காமல் எழுதிக்கொண்டான். லீவு நாளெல்லாம் பைப் அறுப்பான். ஒவ்வொரு துண்டையும் தராசில் வைத்து நிறுப்பான்.

போன ஞாயிறு மதியம் பக்கத்து வீட்டு யுவஸ்ரீ கறிவேப்பிலை கேட்டு வந்தாள். டிப்ளமோ படித்தவள். பெருமையாக ஷெட்டுக்குள் கூட்டிப்போய் என் சீட்டைக் காட்டினேன்.

"ஆயா, அது பெட்ரோல் டேங்கு."

"கண்ணத் தொறந்து பாருடி."

"எழுதியே கீது ஆயா. சீட்டு ஒண்ணுதான். தேதிகூடப் போட்டுக்கினு கீறான். பொங்கலுக்கு முன்னாடி போட்ட படம்."

நான் ஆடு விற்றது சித்திரையில்.

அவன் வெளியே போயிருந்தான். திரும்பி வரும்வரை அவளைப் போகவிடவில்லை. வந்ததும் கட்டத்தில் விரலை வைத்து, "இது இன்னாடா?" என்று கேட்டேன். அவளைப் பார்த்தான், புரிந்துகொண்டான்.

"ரெண்டு சீட்டுன்னா வெயிட்டு ஏறிரும் ஆச்சி. சொன்னா ஷெட்டு தரமாட்டீயன்னு..."

"தந்திருக்க மாட்டேன்தான். அத வுடு. இடுப்ப இன்னாத்துக்குடா அளந்த?"

ஷெட்டுக்காகப் பொய் சொன்னதைக்கூட நான் விட்டுவிடுவேன். ஊரில் எல்லோரும் சொல்வதுதான். கட்டின புருஷன் போனபிறகு என் மேல் யாரும் கை வைத்து அளந்ததில்லை. இல்லாத சீட்டுக்கு இவன் அளந்திருக்கிறான்.

"ஒரு சீட்டு சேத்து வேற படம் போட்டுத் தாரேன் ஆச்சி. சத்தியமா."

"போடு. அதுல நீ காட்றது சீட்டா டேங்கான்னு நான் யாரக் கூட்டியாந்து கேக்கறது?"

மறுநாளே பைப்பையெல்லாம் குட்டி யானை வண்டியில் ஏற்றச் சொன்னேன். வல்லம் வடகாலில் அறை பார்த்திருந்தான். கடைசித் துண்டையும் ஏற்றிவிட்டு என் எதிரே வந்து நின்றான்.

"போயிட்டு வாரேன் ஆச்சி."

"வராத" என்றேன்.