அம்மாசி பார்த்த பள்ளம்

அம்மாசிக்குக் கண் தெரியாது என்பது ஊமைப்பாறையில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். பச்சைமலையின் மேல் இருபத்தேழு வீடுகள் உள்ள ஊர் அது. துறையூரிலிருந்து மலையேறும் பஸ் ஒரு இடத்தோடு நின்றுவிடும். அதற்கப்புறம் ஜீப். ஜீப்பும் போக முடியாத இடத்திலிருந்து ஒன்றரை மணி நேரம் நடக்க வேண்டும். பிரசவ வலி வந்தால் மூங்கிலில் போர்வையைக் கட்டி அதில் போட்டுத் தூக்கி வருவார்கள். போன் பேச வேண்டுமானால் ஊருக்கு மேலே ஒரு பாறையில் ஏறி நிற்க வேண்டும்.

நான் அங்கே போனது போன தை மாதம், ஒரு கண் பரிசோதனை முகாமுக்காக. திருச்சி மலைக்கோட்டைக்குக் கீழே ஒரு சந்தில் இருக்கும் மூக்குக்கண்ணாடிக் கடையில் பதினெட்டு வருஷமாகக் கண் பார்த்துப் பவர் எழுதிக் கொடுக்கிறேன். படித்தது டிப்ளமோதான். மலைமேல் எல்லோரும் டாக்டரம்மா என்றார்கள். நான் டாக்டர் இல்லை, என் பேர் யமுனா என்று நாலைந்து பேரிடம் சொல்லிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன்.

இரண்டு அறைகள் உள்ள பள்ளிக்கூடத்தில் முகாம். மத்தியானம் சாப்பிடக் கை கழுவ வெளியே வந்தபோது எதிர்வீட்டு வாசலில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். முறத்தை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்திருந்தாள். மூக்கு நுனி சாமையைத் தொட்டுவிடும் போல இருந்தது. அப்படியே வைத்துக்கொண்டு கல் பொறுக்கினாள்.

பக்கத்தில் நின்ற சின்னையாவிடம் கேட்டேன். காலையில்தான் அவருக்குக் கண் பார்த்திருந்தேன்.

"அவங்க ஏன் வரல?"

"அது என் தங்கச்சிங்க, அம்மாசி. அதுக்குக் கண்ணு தெரியாது. உங்களுக்கு எதுக்கு வீண் வேலைன்னு விட்டுட்டோம்."

"கல்லு பொறுக்குறாங்களே?"

"மூக்குகிட்ட வெச்சா தெரியும்னு சொல்லும். மத்தபடி ஒண்ணும் தெரியாது."

கையில் ஊற்றிய தண்ணீரோடு அப்படியே நின்றுவிட்டேன். என் தொழிலில் இருப்பவர்களுக்கு அந்த ஒரு வாக்கியம் போதும். கிட்டத்தில் தெரிகிறது, தூரத்தில் தெரியவில்லை. இது குருடு இல்லை. தினமும் எங்கள் கடைக்குக் காலேஜ் பிள்ளைகள் கொண்டுவருகிற அதே கோளாறு, அளவுதான் ரொம்பப் பெரிது.

சாப்பாட்டை விட்டுவிட்டு அவளை உள்ளே கூட்டிவந்து உட்கார வைத்தேன். முப்பத்தாறு வயது. கண்ணுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தேன். திரும்பவும் பார்த்தேன். இரண்டு கண்ணிலும் மைனஸ் பதின்மூன்றுக்குக் குறையாது. கனமான பரிசோதனை ஃப்ரேமை அவள் முகத்தில் மாட்டி, லென்ஸ்களை ஒவ்வொன்றாகச் செருகினேன். படிக்காதவர்களுக்கென்று ஒரு அட்டை உண்டு. அதிலுள்ள எழுத்தின் கால்கள் எந்தப் பக்கம் திரும்பியிருக்கின்றன என்று விரலால் காட்டினால் போதும். அம்மாசி அட்டையைப் பார்க்கவே இல்லை. அதற்குப் பக்கத்தில் கதவோரம் நின்ற ஒரு பெண்மணியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அங்க நிக்கிறது யாருக்கா?"

"நான்தான்டி" என்றார் அந்தப் பெண்மணி. அவளுடைய அம்மா பவுனம்மாள்.

குரலைக் கேட்டதும் அம்மாசிக்குத் தூக்கிவாரிப் போட்டது. எழுந்துவிட்டாள். "அம்மாவா? உனக்கு எப்ப இவ்ளோ வயசாச்சு?"

அவள் மெதுவாகத் திரும்பி ஜன்னலைப் பார்த்தாள், வெளியே பலாமரத்தைப் பார்த்தாள், அதற்கப்பால் இருந்த மேட்டையும் மேட்டில் மேய்ந்த ஆடுகளையும் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பிக் கேட்டாள்.

"எல்லாருக்கும் இப்பிடித்தான் தெரியுதா?"

"ஆமாம்மா."

"தெனமுமா?"

தலையை ஆட்டினேன். பரிசோதனை முடிந்ததும் ஃப்ரேமைத் திருப்பி வாங்கியாக வேண்டும். அவள் இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டாள். "இன்னும் கொஞ்ச நேரம்க்கா" என்றாள். இதுபோல ஒரு பாவத்தை நான் செய்ததில்லை என்று நினைத்துக்கொண்டே கழற்றினேன்.

பவுனம்மாள் பிறகு சொன்னார். அமாவாசையில் பிறந்ததால் அம்மாசி என்று பேர். ஐந்து வயதில் ஆட்டுப்பட்டியின் கம்பில் போய் மோதிக்கொள்வாள். ஆறு வயதில் விடுதிப் பள்ளியில் சேர்த்தார்கள். போர்டு தெரியவில்லை, இந்தப் பிள்ளைக்குக் கண் இல்லை என்று இரண்டே வாரத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்த ஒரு சொல்லோடு எல்லாம் முடிந்துபோனது. படிப்பு இல்லை, கல்யாணம் இல்லை. பெண் கேட்டு ஒருவரும் வந்ததில்லை. ஒன்பது வயதிலிருந்து அவளுக்குக் கொடுத்த வேலை தண்ணீர் எடுப்பது.

"கண்ணு தெரியாதவங்கள எப்படித் தண்ணிக்கு அனுப்புனீங்க?" என்று கேட்டேன்.

"அதுக்கு வழி காலுக்குத் தெரியும்மா. பனி மூடுற நாள்ல மத்த பொம்பளைங்க போக மாட்டாங்க. பாதை தெரியாது. இவளுக்கு எல்லா நாளும் ஒண்ணுதான். ரெண்டு மூணு வீட்டுக்குச் சேத்து எடுத்தாருவா."

அதைப் பெருமையாகத்தான் சொன்னார். எனக்கும் அப்போது ஒன்றும் உறைக்கவில்லை.

இரண்டு வாரம் கழித்துச் சின்னையா அவளைத் திருச்சிக்கு அழைத்து வந்தார். கண் மருத்துவரிடம் காட்டினோம். இத்தனை வருஷம் கண்ணாடி போடாததால் முழுப் பார்வை வராது, பாதிதான் கிடைக்கும் என்றார். கண்ணாடி தயாராகிற வரை மூன்று நாள் அம்மாசி திருவானைக்காவலில் என் வீட்டில் தங்கினாள். சுவரைத் தடவிக்கொண்டே நடந்தாள். ஒருமுறை தொட்ட சாமான் எங்கே இருக்கிறது என்பது அவளுக்கு மறக்கவே மறக்காது.

நாலாம் நாள் கடையில் வைத்து அவளுக்குக் கண்ணாடி மாட்டினேன். கடையைவிட்டு வெளியே வந்தவள் எதிரே கரண்ட் கம்பியைப் பார்த்து நின்றுவிட்டாள். ஒரு காக்கை உட்கார்ந்திருந்தது.

"அக்கா, காக்காய்க்கு மூஞ்சி இருக்குது."

"இருக்காதா பின்னே?"

"கோழிக்கு இருக்கும். கையில புடிச்சுப் பாத்திருக்கேன். பறக்குறதுக்கெல்லாம் மூஞ்சி இருக்கும்னு எனக்குத் தெரியாதே."

சிரித்தாள், உடனே அழுதாள். ஜவுளிக்கடைக் கூட்டம் இடித்துக்கொண்டு போனது. நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

முகாமில் எழுதிக் கொடுத்த மற்றவர்களின் கண்ணாடிகளையும் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியிருந்ததால் அண்ணன் தங்கை இருவரோடு நானும் மலையேறினேன். அன்று பவுனம்மாள் வீட்டில் தங்கினேன். மறுநாள் காலை ஏழு மணி இருக்கும், அம்மாசி இரண்டு பிளாஸ்டிக் குடங்களை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

"நீங்களும் வாங்கக்கா. நம்ம சுனையப் பாக்கலாம். நானே இன்னும் பாத்ததில்லையே" என்றாள். அவளுக்கு அதில் அவ்வளவு சந்தோஷம்.

பாதை கொஞ்ச தூரம் மரவள்ளிக் கொல்லை வழியாகப் போயிற்று. பிறகு ஒரு பாறைச் சரிவை ஒட்டித் திரும்பியது. அந்தத் திருப்பத்தில் நான் நின்றுவிட்டேன். பாதை இரண்டடி அகலம்தான். இடப்பக்கம் சுவர் மாதிரி செங்குத்தாகப் பாறை. வலப்பக்கம் ஒன்றுமே இல்லை. கீழே, வெகு கீழே, மரங்கள் கொத்தமல்லிக் கட்டு போலத் தெரிந்தன.

அம்மாசி எனக்கு முன்னால் பத்தடி போயிருந்தாள். வழக்கம்போல இடது கையால் பாறையைத் தொட்டுக்கொண்டு, தலையில் ஒரு குடம், இடுப்பில் ஒரு குடம் என்று விறுவிறுவென நடந்துகொண்டிருந்தாள். காலை வெயில் கண்ணில் பட்டிருக்க வேண்டும். முகத்தை வலப்பக்கம் திருப்பினாள்.

முதலில் இடுப்புக் குடம் நழுவியது. நீலக் குடம். விளிம்பில் ஒருமுறை மோதியது, காற்றில் போயிற்று, இன்னொரு இடத்தில் மோதியது. சிறிதாகிக்கொண்டே போய்ப் பொட்டு மாதிரி ஆனது. அதற்கப்புறம் சத்தம்கூட வரவில்லை. அவள் அதைக் கடைசி வரை பார்த்தாள். பிறகு பாறையில் முதுகை ஒட்டியபடியே வழுக்கிக் கீழே உட்கார்ந்தாள். தலைக் குடம் அவள் மடியில் விழுந்தது.

"அக்கா" என்றாள். "அக்கா, இது என்னதுக்கா?"

"ஒண்ணுமில்லம்மா. மெதுவா எழுந்து வா."

"இதுலயா நடந்தேன்? தெனமும் நாலு நடை?"

அந்தப் பாதையில் கால் வைத்து அவளிடம் போக எனக்கே முடியவில்லை. கண்ணாடியைக் கழற்றிவிடு, பழையபடி நடந்து வந்துவிடலாம் என்று நான்தான் சொன்னேன். கழற்றி மடியில் வைத்துக்கொண்டு எழுந்தாள். ஒரு அடி எடுத்து வைத்தாள். மறுபடி உட்கார்ந்துவிட்டாள்.

"கழட்டுனாலும் அது அங்கதான் இருக்குது" என்றாள்.

இருபத்தேழு வருஷம் பனியிலும் மழையிலும் நடந்த கால்கள். பத்தடி தூரத்தை உட்கார்ந்தபடியே இழுத்து இழுத்துக் கடந்து வந்தாள். கொல்லை மண்ணைத் தொட்டதும் குப்புறப் படுத்துத் தரையைப் பிடித்துக்கொண்டாள். முழங்கைத் தோலெல்லாம் உரிந்திருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவின் முன்னால் நின்றாள்.

"உனக்குத் தெரியுமா, அங்க என்ன இருக்குதுன்னு?"

பவுனம்மாள் அடுப்பை விட்டு எழுந்திருக்கவில்லை. "பள்ளம் இருக்குதுன்னு சொல்லியிருக்கேனேடி. வலப்பக்கம் கால வைக்காதேன்னு எத்தனை தடவ சொல்லியிருக்கேன்."

"பள்ளமா? பள்ளம்னா இதும்மா, இவ்ளோ!" அம்மாசி தன் இடுப்புயரத்துக்குக் கையைக் காட்டினாள். "எனக்குத் தெரிஞ்ச பள்ளம் இதுதான். விழுந்தா காலு ஒடையும்னு நெனச்சேன். மலர்க்கொடி பள்ளத்துல விழுந்து செத்துட்டான்னு சொன்னீங்க. இடுப்பளவு பள்ளத்துல விழுந்து ஒருத்தி எப்பிடி சாவான்னு ஆறு வருஷமா நெனச்சுக்கிட்டிருந்தேன். தலையில கல்லு பட்டிருக்கும்னு நானே சமாதானம் சொல்லிக்கிட்டேன்."

மலர்க்கொடி பக்கத்து வீட்டு மருமகள். அதை எனக்கு விளக்கிச் சொன்ன சின்னையா என் முகத்தைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தார்.

"அவ விழுந்த மறுநாளும் என்னைத்தான அனுப்புனீங்க?" என்றாள் அம்மாசி.

"நீ பயப்பட மாட்டேன்னுதான்..." என்றார் சின்னையா.

"பயப்பட வேண்டியது எனக்குத் தெரியாதுன்னு உங்களுக்குத் தெரியுமில்ல?"

அவர் எழுந்து வெளியே போய்விட்டார். பவுனம்மாள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதார். "வேற தண்ணி ஏதுடி இங்க? போர் போட்டானுங்க, புகைதான் வந்துச்சு. அந்தப் பாழாப்போன சுனை ஒண்ணுதான். எல்லார் வீட்டுப் பொண்ணும்தான் போகுது" என்றார். அதுவும் பொய் இல்லை. அந்த வீட்டில் யாரைக் குற்றம் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. அவளுக்குக் கண்ணாடி மாட்டிய நானே குற்றவாளி போல உட்கார்ந்திருந்தேன்.

அன்றைக்கு அந்த வீட்டில் சமைக்கத் தண்ணீர் இல்லை. மத்தியானத்துக்கு மேல் சின்னையா இரண்டு குடங்களோடு கிளம்பிப் போனார். இந்த நாற்பது வயதில் அவர் சுனைக்குத் தண்ணீர் எடுக்கப் போனது அதுதான் முதல் தடவை என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். ஒரு குடம்தான் திரும்பி வந்தது. அவர் முகம் வெளுத்திருந்தது. குடத்தை இறக்கி வைத்தார்.

அம்மாசி அதற்குப் பிறகு சுனைக்குப் போகவில்லை. அவள் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்த மற்ற இரண்டு வீடுகளிலும் ஆண்கள் போக வேண்டி வந்தது. பத்தே நாளில் ஊர்க்கூட்டம் போட்டார்கள். இரும்புக் குழாய்களைத் தோளில் சுமந்து ஏற்றி, திருப்பத்தில் பாறையைக் குடைந்து நட்டு, நாற்பதடிக்குக் கைப்பிடி வைத்துவிட்டார்கள். இத்தனை வருஷம் பெண்கள் கேட்டு நடக்காதது. பங்குனியில் ஒரு திங்கட்கிழமை அம்மாசி திருச்சிக்கு வந்து, கலெக்டர் ஆபீஸில் குழாய் வழியாகத் தண்ணீர் கேட்டு மனு கொடுத்தாள். நான்தான் எழுதிக் கொடுத்தேன். அதிகாரிகள் வந்து அளந்து போயிருக்கிறார்கள். இதை எழுதுகிற வரை குழாய் வரவில்லை.

இப்போது அவள் மேட்டுப் பக்கம் ஆடு மேய்க்கிறாள். எந்த ஆடு எங்கே நிற்கிறது என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே தெரிகிறதாம். ஊர்ப் பிள்ளைகளைத் தூரத்தில் நிற்க வைத்து, விரலைக் காட்டி எத்தனை என்று கேட்கிறாள். சரியாகச் சொல்லாத இரண்டு பிள்ளைகளை அவளே எங்கள் கடைக்குக் கூட்டிவந்தாள். இருவருக்கும் கண்ணாடி தேவைப்பட்டது.

போன வாரம் வந்திருந்தாள். ஆடு முட்டியதில் கண்ணாடி ஃப்ரேம் வளைந்துவிட்டது. அதை நிமிர்த்திக்கொண்டே கேட்டேன்.

"அம்மாகூட இப்பவாவது பேசுறியா?"

"பேசுறேன்க்கா. சாப்பாடு போடுறேன், எண்ணெய் தேச்சு விடுறேன். கோபம்னு ஒண்ணும் இல்ல. மூஞ்சியப் பாத்தாதான் அந்த எடம் கண்ணுக்குள்ள வருது. அதனால பேசுறப்ப கண்ணாடிய எடுத்துடுறேன்."

நான் கொடுத்த கண்ணாடியை வாங்கித் துடைத்து மாட்டிக்கொண்டாள். சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தே போகிறேன், வழி தெரியும் என்று சொல்லிவிட்டுக் கூட்டத்துக்குள் இறங்கினாள். இரண்டு மணித் துறையூர் பஸ்ஸைப் பிடித்தால்தான் இருட்டுவதற்குள் மேலே ஏற முடியும்.