வேலிக்குள் பெய்த மழை

“அக்கா, கொடியில துணி இருக்கா?”

காலை பத்தேகால். கைப்பை இன்னும் தோளில்தான் தொங்குகிறது. அதற்குள் அவர் தொலைபேசியில் துணி விசாரிக்கத் தொடங்கிவிடுவார். செயற்கைக்கோள் அனுப்பும் ரேடார் படங்களிலிருந்து எங்கே எவ்வளவு மழை விழுந்தது என்று கணக்கிடும் அலுவலகத்தில் மூத்த ஆய்வாளர். படித்த பட்டங்கள் மூன்று. அலுவலகம் கொடுத்த பட்டம் ‘துணி மேடம்’.

படம் மழை என்று காட்டும் ஊரில் யாரையாவது பிடித்து, துவைத்த துணி காய்ந்ததா என்று கேட்டுவிடுவார். தபால்காரர், சைக்கிள் கடைக்காரர், பள்ளிக்கூடக் காவலாளி என்று நூற்றைம்பது எண்கள் ஒரு பழைய நோட்டில் இருக்கின்றன. “மழை பெஞ்சுதான்னு கேட்டா, ஆபீஸர் மனசு நோகக் கூடாதுன்னு பெஞ்சுதும்பாங்க. துணின்னு கேட்டா பொய் வராது.”

வீட்டில் கதை வேறு. “ஊர்த் துணிக்கெல்லாம் காவல். நம்ம துணி மாடியில நனையுது” என்று கணவர் புலம்பாத மழைநாள் இல்லை.

தொழிலைப் பற்றிக் கேட்டால் நடித்தே காட்டுவார். “மேலேருந்து அலை வந்து மண்ணுல பட்டுத் திரும்பும். ஈர மண்ணு ஓங்கிப் பதில் சொல்லும். காய்ஞ்ச மண்ணு இப்படி முணுமுணுக்கும். போன தடவையைவிட எவ்வளவு ஓங்கிச் சொல்லுதுன்னு பாத்து, இவ்வளவு மழைன்னு எழுதுவோம்.”

சென்ற மாதம் வறட்சிப் பட்டியல் தயாரானது. படத்தின் ஒரு கட்டத்தில் இரண்டு மூன்று ஊர்கள் அடங்கும். அங்கே இருபத்தைந்து மில்லிமீட்டருக்குக் கீழே பெய்திருந்தால் தண்ணீர் லாரி வரும். மேலே போனால் வராது. ஒரு கட்டத்துக்கு முப்பத்தொன்று வந்தது. அங்குள்ள தையல்கார அம்மாவை அழைத்தார்.

“துணியா? துவைக்கத் தண்ணி எங்க இருக்கு கண்ணு? கொடியில காக்காதான் உக்காந்திருக்கு. கிணறு வத்தி ரெண்டு மாசமாச்சு.”

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். மழை நான்கு மூலையோடு சதுரமாகப் பெய்திருந்தது. அது ஒரு பெரிய மனிதரின் தோட்டம், அறுநூறு ஏக்கர். ஆறு ஆழ்குழாய்க் கிணறுகள் இரவு பகலாக இறைத்த ஈரத்தை, கணினி கட்டம் முழுவதற்கும் பங்குபோட்டு மழை என்று எழுதிவிட்டது. ஊரார் கிணற்றின் அடியிலிருந்து போன தண்ணீர், ஊராருக்கு லாரி வேண்டாம் என்று சாட்சி சொல்லவும் வந்துவிட்டது. காகிதத்திலாவது அந்த ஊரில் தண்ணீர் எல்லாருக்கும் பொதுவாகியிருந்தது.

இயக்குநர் கும்பிடாத குறையாகத் திரையைக் காட்டினார். “சாட்டிலைட் பொய் சொல்லுமா மேடம்?”

“சொல்லாது சார். அது ஈரம்னுதான் சொல்லுது. மழைன்னு சொல்றது நாமதான். வேலியப் பாத்து நிக்கிற மழைய நான் பாத்ததே இல்ல.”

“தோட்டம் யாரோடதுன்னு தெரியுமில்ல?”

“மழை யாரோடதுன்னு தெரிஞ்சுக்கத்தான் சார் எனக்குச் சம்பளம்.”

“ஏன் மேடம் வம்பு? படிவத்துல மோட்டார்னு எழுத இடமே கிடையாது. ‘மழைக்குக் காரணம்’னு ஒரு வரி இருக்கு. அதுல ஏதாவது ஒண்ணைப் போட்டுக் கையெழுத்துப் போடுங்க. பட்டியல் இப்பவே போகணும்.”

படிவத்தை வாங்கிக்கொண்டார். காற்றழுத்தத் தாழ்வு, பருவக்காற்று, இடிமழை, பிற என்று அச்சிட்டிருந்தது. மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, ‘பிற’ என்பதற்கு எதிரே நிதானமாக எழுதினார்: “ஆறு மோட்டார்கள். தோட்டத்துக்கு வெளியே மழை இல்லை. லாரி தேவை.” கீழே முழுக் கையெழுத்தும் தேதியும் போட்டார்.

இயக்குநர் கை நீட்டினார். துணி மேடம் உடனே கொடுக்கவில்லை. ஒருமுறை ஊதி, மை காய்ந்துவிட்டதா என்று விரல் வைத்துப் பார்த்தார். பிறகுதான் நீட்டினார்.