மடத்து வாசலில் தவமலர் அக்கா

மதியச் சாப்பாட்டு நேரம். முதியோர் இல்லத்தில் ஒருவருக்கு சூப் பருக்கிக்கொண்டிருந்தபோது தவமலர் அக்காவின் மகள் அழைத்தாள்.

"அன்ரி, அம்மா காலமை போயிட்டா."

எதிர்பார்த்த செய்திதான். ஆனாலும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன்.

ஃப்ரிபூர்க் நகரத்திலுள்ள அந்த இல்லத்தில் நாங்கள் இருவரும் பல வருடங்கள் பராமரிப்பாளர்களாக ஒன்றாக வேலை செய்தோம். யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்தவர் அக்கா. உரத்த குரல், அதைவிட உரத்த சிரிப்பு. எங்கள் ஊர் இழுவையோடு அவர் பேசும் பிரெஞ்சைக் கேட்பதற்கென்றே சில முதியவர்கள் காத்திருப்பார்கள். போரைப் பற்றி மட்டும் வாய் திறக்கமாட்டார். யாராவது கேட்டால், "அது முடிஞ்ச கதை, விடும்" என்பார்.

ஓர் இளவேனில் நாளில் இல்லத்து முதியவர்களை நகரத்துக்கு வெளியே, ஆற்று வளைவில் இருக்கும் பழைய மடத்துக்கு அழைத்துச் சென்றோம். சிஸ்டேர்சியன் என்ற கத்தோலிக்க சபைத் துறவிகள் பல நூற்றாண்டுகளுக்கு முன் கட்டியது. இன்றும் அங்கே துறவிகள் வாழ்கிறார்கள். சக்கர நாற்காலிகளைத் தேவாலயத்துக்குள் வரிசையாக நிறுத்தினோம். துறவிகள் செபத்தைப் பாடத் தொடங்கினார்கள். அந்த நேரம் பயிற்சிக்கு வந்த போர் விமானமொன்று தாழப் பறந்தது. கல்லும் கண்ணாடியும் அதிர்ந்தன.

அக்கா எழுந்ததை நான் காணவில்லை. பார்க்கும்போது ஒரு நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வாசலைக் கடந்துவிட்டார். திரும்ப ஓடிவந்து அடுத்ததைப் பிடித்தார். "வெளியால! வெளியால!" என்று தமிழில் கத்தினார். பாட்டு நின்றது. வயதான துறவி ஒருவர் எதுவும் கேட்காமல் இறங்கிவந்து இன்னொரு நாற்காலியைத் தள்ளினார். அவரைப் பார்த்து மற்றவர்களும் வந்தார்கள்.

புல்வெளியில் அக்கா ஒவ்வொருவரின் முகத்தையும் தொட்டுப் பார்த்தார்.

"எல்லாரும் வந்திட்டினம் அக்கா," என்றேன்.

"இல்லைப் பிள்ளை. தங்கச்சி உள்ளுக்கை நிக்கிறாள்."

அவருக்கு ஒரு தங்கை இருந்தது அன்றுவரை எனக்குத் தெரியாது. திரும்பும் வழியில் பஸ்ஸில் சொன்னார். குண்டுவீச்சுக்குப் பயந்து ஊர்ச்சனம் தேவாலயத்துக்குள் ஒதுங்கியிருந்தது. அக்கா தண்ணீர் எடுக்க வெளிக்கிட்டபோது தங்கையும் வரக் கேட்டாள். "நீ உள்ளுக்கை இரு, அதுதான் பாதுகாப்பு" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். கிணற்றடியில் நிற்கும்போது விமானம் வந்தது.

அதன்பிறகு லீவு நாட்களில் அக்கா அந்த மடத்துக்குத் தனியே போகத் தொடங்கினார். உள்ளே நுழையமாட்டார். மதிலோர மர வாங்கில் உட்கார்ந்து பாட்டைக் கேட்டுவிட்டு வருவார். ஒருமுறை நானும் கூடப் போனேன்.

"பயமில்லையோ அக்கா?"

"என்னத்துக்கு? அவள் எங்கை நிக்கிறாள் எண்டு தெரியாமல்தான் இவ்வளவு காலமும் பயந்தனான். இப்ப தெரியும்தானே."

பக்கத்து வீட்டுக்குப் போன பிள்ளையைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னார். எனக்குத்தான் அந்தக் கதவுப் பக்கம் திரும்பிப் பார்க்கத் துணிவு வரவில்லை.

நோய் முற்றிய பிறகு, போன இலையுதிர் காலத்தில், "ஒருக்கா அங்கை கூட்டிக்கொண்டு போறீரோ?" என்று கேட்டார். அன்று வாங்கைத் தாண்டி நேரே வாசலுக்கு நடந்தார். என் கையை விட்டுவிட்டு உள்ளே போனார்; நானும் பின்னால் போனேன். கடைசி வரிசையில் அமர்ந்து, எங்கள் இருவருக்கும் நடுவே ஓர் ஆளுக்கு இடம் விடச் சொன்னார். பாட்டு முடியும்வரை அசையவில்லை.

வெளியே வரும்போது கனத்த கதவைத் தோளால் தாங்கிப் பிடித்தார். நான் படியிறங்கிவிட்டேன். அவர் வரவில்லை. வெறுமையான தேவாலயத்துக்குள் கையை நீட்டியபடி நின்றார்.

"வா," என்றார், மிக மெதுவாக.

சற்று நேரம் கழித்து, ஒதுங்கி வழிவிட்டு, கதவைச் சாத்தினார். முகத்தில் கண்ணீர் இல்லை.

காரின் முன்கதவை அவருக்காகத் திறந்து வைத்திருந்தேன். அக்கா பின்பக்கம் ஏறினார். ஏறி, உள்ளே நகர்ந்து இருந்துகொண்டு, "இனிப் போவம் பிள்ளை," என்றார்.

சுகமாய்ப் போய்ச் சேருங்கோ அக்கா. இரண்டு பேரும்.